கையும் கற்கட்டும்!

மாமா தந்த பழைய கார் என்னுடையது. டிரைவர் கதவைத் திறந்தால் மற்றக் கதவுகளும் பெட்ரோல் டேங்க் மூடியும் தாமே பூட்டு விடவேண்டும். ஒருநாள் எதுவும் அசையவில்லை. பூட்டுகள் அனைத்தையும் மாற்றச் சொன்னது ஒரு பட்டறை.

உதிரிபாகம் தேடி ஜே.சி. சாலைக்குப் போனேன். அங்கே ஒரு மெக்கானிக் அண்ணன் டிக்கிக்குள் மறைந்திருந்த கயிற்றை இழுத்தார். டேங்க் மூடி திறந்தது. டிரைவர் கதவுக் கீலருகே ரப்பர் உறையை விலக்கினார்; வயர் அறுந்திருந்தது! கதவு திறக்கும்போதெல்லாம் வளைந்து வளைந்து சோர்ந்த செம்பு. புது வயர் சேர்த்தார், பூட்டுகள் உயிர்பெற்றன.

உலோகச் சோர்வைப் பற்றித் தேர்வில் பக்கம்பக்கமாக எழுதியவன் நான், கண்டறிந்தவரோ அவர்! 'மாற்று' என்பது வாணிகம். 'ஏன்' என்பதன்றோ அறிவியல்? மாதம் ஒருநாள் நம் சங்கம் அத்தகையோரை அழைத்து வகுப்பு நடத்தட்டும். கரும்பலகை கற்பிக்காததைக் கை கற்கட்டும்!