அமைதி வாசலோடு நின்றுவிடலாமா?
மருத்துவமனைகளைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்க வகை செய்கின்றன, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அங்கு பகலில் 50, இரவில் 40 டெசிபல் என்பது வரம்பு. ஆனால், தீவிர சிகிச்சைப் பிரிவினுள் ஓயாது அலறும் கருவிகளை இவ்விதிகள் கண்டுகொள்வதில்லை. நோயாளி அசைந்தாலே எழும் பொய் எச்சரிக்கைகள் பெருகும்போது செவிலியரின் செவி மரத்துப்போகிறது. உண்மையான அபாயமும் கவனிப்பாரின்றிப் போகக்கூடும். உறக்கமிழக்கும் நோயாளியோ மனக்குழப்பத்துக்கு ஆளாக நேரிடுகிறது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு, எச்சரிக்கை ஒலிகளை முறைப்படுத்துவதை 2014-இலேயே பாதுகாப்பு இலக்காக்கியது. நோயாளிக்கேற்பக் கருவிகளின் வரம்புகளை மாற்றியமைப்பதையும், போதிய செவிலியர் நியமனத்தையும் மத்திய, மாநில அரசுகள் இங்கும் கட்டாயமாக்க வேண்டும். வீதியில் அமைதி கோரும் அரசு, படுக்கையருகிலும் அதை உறுதி செய்வதே முறை.