வாசல் வரைதானா பள்ளியின் வேலை?

‘கண்டிப்பான பள்ளி’ என்றதும் தமிழ்நாட்டுப் பெற்றோரின் மனத்தில் ஒரு சித்திரம் எழும். விடியுமுன் எழுப்பிப் படிக்க வைக்கும் விடுதி, அன்றாடம் சிலிப் டெஸ்ட், ஒரு மதிப்பெண் வினாக்களை வரி பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளை, தேர்வு முடிவு வந்ததும் வாசலில் ஃபிளெக்ஸ். நாமக்கல் வட்டாரம் இதை ஒரு தொழிலாகவே வளர்த்தது. ‘பிராய்லர் பள்ளி’ என்று கேலி செய்வது எளிது. ஆனால், தறி ஓட்டுபவரும் லாரி ஓட்டுநரும் கடன் வாங்கி அங்கே பணம் கட்டியதற்குக் காரணம் இருந்தது. தங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நல்ல அரசுக் கல்லூரிக்குப் போவாரா, கட்டணம் கறக்கும் கல்லூரிக்கா என்பதை 200க்கான அந்தக் கட்-ஆஃப் தானே முடிவு செய்கிறது!

அந்தப் பள்ளிகள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவே செய்தன. மதிப்பெண் வந்தது, இடமும் கிடைத்தது. சிக்கல் முதல் செமஸ்டரில் தொடங்குகிறது.

ஒரு காரணம் ஊரறிந்தது. பிளஸ் 1 பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் 2 பாடத்தையே உருப்போட வைத்தார்கள். இயக்கவியலும் வகைநுண்கணிதத்தின் அடிப்படையும் பிளஸ் 1 பாடத்தில் இருக்கின்றன. பொறியியல் முதலாண்டு அவற்றின் மேல்தான் நிற்கிறது. இதைத் தடுக்கவே 2017-18இல் பிளஸ் 1க்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியது. மாணவர்களின் சுமை குறைந்தது சரி. பிளஸ் 1 வகுப்பில் உண்மையில் எந்தப் புத்தகம் திறக்கப்படுகிறது என்பதை இனி யார் பார்ப்பார்கள்?

இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த விடுதியில் மாணவரின் ஒவ்வொரு மணி நேரத்தையும் வேறொருவர் திட்டமிட்டார். எதைப் படிப்பது, எதை விடுவது, எப்போது தூங்குவது எல்லாம் மணியடித்து நடந்தன. கலந்தாய்வுக்கான கல்லூரி விருப்பப் பட்டியலைக்கூடப் பல வீடுகளில் பிரவுசிங் சென்டர்காரரே நிரப்பித் தருகிறார். கல்லூரியில் மணியடிக்க ஆளில்லை. இன்டர்னல் மதிப்பெண் எப்படிக் கூடும், வருகைப்பதிவு குறைந்தால் யாரைப் பார்ப்பது, விடைத்தாள் நகல் வாங்கி மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா என்பதையெல்லாம் பட்டதாரி வீட்டில் அக்காவோ சித்தப்பாவோ சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிடுவார்கள். முதல் தலைமுறை மாணவருக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. ஒரு அரியர் விழுந்தால் வீட்டுக்குத் தெரியாமல் மறைப்பார். இரண்டாவது விழுந்தால் வகுப்புக்குப் போகவே கூசுவார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆன்டனி ஆபிரகாம் ஜாக் 2019இல் வெளியிட்ட ‘தி பிரிவிலேஜ்டு புவர்’ நூலில் இதையே வேறொரு களத்தில் காட்டினார். உயர்தரக் கல்லூரிக்கு வந்த ஏழை மாணவர்களில், நல்ல தனியார் உயர்நிலைப் பள்ளிகளில் உதவித்தொகையில் படித்தவர்கள் பேராசிரியரின் அறைக்குத் தயங்காமல் போனார்கள். சாதாரணப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். வறுமை ஒன்றுதான், வேறுபட்டது பள்ளிப் பழக்கம். ஆசிரியரிடம் போய்க் கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்காத பழக்கம் அது. நம் கண்டிப்பான பள்ளிகள் பெருமைப்படுவது வகுப்பின் அமைதியை வைத்து!

அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1994இல் தொடங்கிய கிப் பள்ளிகளும் கண்டிப்புக்குப் பேர்போனவை. ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவதே அவற்றின் குறிக்கோள். அவற்றிடம் எனக்குப் பிடித்தது கண்டிப்பு அல்ல. தங்கள் முதல் மாணவர்கள் எட்டாம் வகுப்பு முடித்துப் பத்தாண்டுக்கு மேல் ஆன பின்னும் தேடிப் பிடித்துக் கணக்கெடுத்தார்கள். பட்டம் முடித்திருந்தவர்கள் 33 சதவீதம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் நாட்டுச் சராசரியைப் போல அது நான்கு மடங்கு. இருந்தும், தங்கள் இலக்கு 75 என்று சொல்லி, 2011இல் அந்த 33 சதவீதத்தைத் தாங்களே அச்சிட்டு வெளியிட்டார்கள். கல்லூரிக்குப் போன பின்னும் மாணவருடன் ஆலோசகர் ஒருவர் தொடர்பில் இருக்கும் ஏற்பாட்டையும் வலுப்படுத்தினார்கள்.

கண்டிப்பு வேண்டாம் என்பதல்ல என் வாதம். முதல் தலைமுறைப் பிள்ளைக்குத் தளர்வான பள்ளி செய்யும் துரோகம் கண்டிப்பான பள்ளி செய்வதைவிடப் பெரிது. எதைக் கேட்டுக் கண்டிப்பது என்பதுதான் கேள்வி. கைடில் இல்லாத வினாவுக்கு இரண்டு பக்கம் சொந்தமாக எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒரு சந்தேகத்தையாவது ஆசிரியரிடம் நேரில் கேட்டாக வேண்டும் என்று விதி வையுங்கள். பிளஸ் 2 அரையாண்டுக்குப் பின் மாலை நேர அட்டவணையை மாணவரே போடட்டும், சொதப்பினாலும் பரவாயில்லை. பள்ளியில் சொதப்பினால் தட்டிக்கொடுக்க ஆசிரியர் பக்கத்திலேயே இருக்கிறார்.

கிப் செய்ததுபோன்ற கணக்கெடுப்பை இங்கேயும் செய்யலாம். அரசு பணத்தைக் கொடுக்கத் தவறவில்லை. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை 2010 முதல் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போனவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தர 2022இல் புதுமைப் பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் வந்தன. பட்டம் முடியும்வரை மாதாமாதம் வங்கிக் கணக்குக்குப் போகும் பணம் இது. யாருடைய படிப்பு எந்த ஆண்டில் நின்றது என்பதை அந்தக் கணக்கிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். அதைப் பள்ளிவாரியாகப் பிரித்து, பெயர்களை வெளியிடாமல், அந்தந்தத் தலைமை ஆசிரியருக்கு ஆண்டுதோறும் அனுப்பலாம். தேர்ச்சி விழுக்காடு ஐந்து புள்ளி குறைந்தால் விளக்கம் கேட்கும் கல்வித் துறை, இதற்கும் ஒரு கூட்டம் போடட்டும்.