வில் வேட்டையில் எது வெற்றி?

வில்லும் அம்பும் ஏந்தி மான் வேட்டைக்குப் போவது புராண காலத்துச் சங்கதி என்றுதான் பலரும் நினைப்பார்கள். அமெரிக்காவில் அது இன்றும் நடக்கிறது. ஒளிந்து மறைந்து அல்ல. லைசென்ஸ் வாங்கிக் கொண்டு, சட்டப்படி நடக்கிறது!

விஸ்கான்சின் மாநிலம் 1934-ம் ஆண்டிலேயே வில் வேட்டைக்கென்று தனிப் பருவம் ஒதுக்கியது. இப்போது அது செப்டம்பர் நடுவில் தொடங்கிக் குளிர்காலம் வரை நீள்கிறது. துப்பாக்கிக்கு உரிய முக்கியப் பருவமோ நவம்பரில் ஒன்பதே நாட்கள். வில்லுக்கு ஏன் இந்தச் சலுகை? வில்லால் மானை வீழ்த்துவது அவ்வளவு கடினம் என்பதுதான் காரணம்.

இருபது கஜ தூரம்

துப்பாக்கிக்காரர் நூறு கஜத்துக்கு அப்பால் நின்று சுடலாம். வில்லாளிக்கு மான் இருபது, முப்பது கஜத்துக்குள் வரவேண்டும். அங்கே திரியும் வெள்ளைவால் மானின் மூக்கோ பொல்லாதது. காற்று சற்றுத் திசை மாறினால் போதும். மனித வாடையை அறிந்து, வெள்ளை வாலை உயர்த்திக் கொண்டு பாய்ந்து ஓடிவிடும்.

ஆகையால், வேட்டைக்காரர் விடியுமுன் மரத்தில் கட்டிய பரணில் ஏறிவிடுகிறார். குளிரில் மணிக்கணக்கில் அசையாமல் இருக்கிறார். மான் வந்தாலும் உடனே வில்லை வளைக்க முடியாது. அது தலையைத் திருப்பும்வரை பொறுக்க வேண்டும். பக்கவாட்டில் நிற்க வேண்டும். நடுவே ஒரு சிறு கிளைகூடக் குறுக்கிடக்கூடாது. இத்தனையும் கூடிவந்தால்தான் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி வைக்கலாம். நுரையீரலும் இருதயமும் அங்கேதான் இருக்கின்றன.

இஷியின் வழி

இக்காலத்து அமெரிக்க வில் வேட்டைக்கு ஒரு சோகமான பூர்வ கதை உண்டு. கலிபோர்னியாவில் தங்கம் தேடி வந்தவர்களின் காலத்தில், வெள்ளையரின் துப்பாக்கிகள் 'யாஹி' என்ற பழங்குடியைக் கொன்று குவித்தன. அந்தக் குலத்தில் எஞ்சிய கடைசி மனிதர் 1911-ம் ஆண்டு ஆகஸ்டில் ஒரோவில் நகருக்கு அருகே பசியோடு வந்து நின்றார். அவரைச் சான்பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழகப் பொருட்காட்சிச் சாலையில் தங்க வைத்து, 'இஷி' என்று அழைத்தார்கள்.

சாக்ஸ்டன் போப் என்ற டாக்டர் அவரிடம் வில் செய்யவும் வேட்டையாடவும் கற்றார். தூரத்து இலக்குப் பலகையில் அம்பு எய்வதில் வெள்ளைக்கார நண்பர்கள் இஷியை மிஞ்சினார்கள். ஆனால், காட்டில் ஓசையின்றி மிருகத்தை நெருங்குவதில் அவருக்கு நிகர் அவரே! இஷி 1916-ல் காசநோயால் காலமானார். போப் 1923-ல் எழுதிய வில் வேட்டைப் புத்தகம் பலரை வில் எடுக்கச் செய்தது. தூரத்திலிருந்து எய்வது அல்ல, அருகே சென்று எய்வதே வித்தை. துப்பாக்கிக்கு இரையான குலம் விட்டுச் சென்ற பாடம் இது.

கண்டனமும் பதிலும்

“அம்பு பட்ட மான் துடித்துச் சாகாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நுரையீரலில் பட்டால் சில விநாடிகளில் மான் சாய்ந்துவிடும். குடலில் பட்டாலோ மணிக்கணக்கில் வேதனைப்படும். சில மான்கள் தேடியும் அகப்படாமல் புதரில் மடிகின்றன. இதை மூடி மறைப்பதில் பயனில்லை.

ஆனால், வேட்டையை அறவே நிறுத்தினால் போதும் என்பதும் சரியல்ல. 1900-ம் ஆண்டு வாக்கில் உத்தேசமாக ஐந்து லட்சமாகக் குறைந்திருந்த வெள்ளைவால் மான்கள், இன்று சுமார் மூன்று கோடி. அவற்றைத் தின்று வந்த ஓநாய்கள் பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. மான்கள் இளஞ்செடிகளை மேய்ந்து காட்டை மொட்டையாக்குகின்றன; ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கார் விபத்துகளுக்கும் காரணமாகின்றன. இந்தியாவின் நிலை வேறு. இங்கே 1972-ம் ஆண்டுச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அது அப்படியே இருக்கவேண்டும்.

வேட்டை தேவைப்படும் இடத்தில் வேட்டைக்காரருக்குத்தான் பொறுப்பு அதிகம். எய்ததும் துள்ளிக் குதித்து ஓடக்கூடாது. அரை மணியாவது பரணிலேயே காத்திருக்க வேண்டும். பிறகு அம்பை எடுத்துப் பார்க்க வேண்டும். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தமானால் நுரையீரல்; நாற்றமடிக்கும் பச்சைக் கறையானால் குடல். குடல் என்றால் பல மணி நேரம் பொறுத்த பிறகே தொடரவேண்டும். அவசரப்பட்டு விரட்டினால் மான் வெகுதூரம் ஓடி மறைந்துவிடும். இருட்டினாலும் விளக்கேற்றி ரத்தத் துளிகளைத் தேட வேண்டும். தேடிக் கண்டுபிடித்து, இறைச்சியை வீணாக்காமல் வீடு சேர்த்தால்தான் அது வெற்றி. கிளைத்த கொம்பைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வது மட்டும் வெற்றி ஆகாது.

இன்னும் பெரிய வெற்றி ஒன்று உண்டு. நாணை இழுத்த பிறகும், “குறி நிச்சயமில்லை” என்று மெதுவாகத் தளர்த்திவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறாரே, அவருடைய வெற்றி! அன்று அவரால் ஒரு மானும் வீணாகத் துடிக்கவில்லை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பழமொழி. வில்லின் மேல் குற்றமில்லை. எப்போது எய்யக்கூடாது என்று தெரியாத கையில்தான் குற்றம்.