நரேன் கார்த்திகேயனுக்கு அப்புறம் யாரு? கொங்கில் இருந்து இன்னொரு ஃபார்முலா 1 டிரைவர் வராதது ஏன்?

2025 மார்ச் 16, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன். இத்தாலியின் போலோக்னாவைச் சேர்ந்த கிமி ஆண்டனெல்லி, மெர்சிடிஸ் காரில் தன் முதல் ஃபார்முலா 1 ரேஸை ஓட்டி 4-வது இடம் பிடித்தார். வயசு 18.

20 வருஷத்துக்கு முன்னாடி, 2005 மார்ச்சில், இதே மெல்போர்ன் டிராக்கில்தான் நம்ம கோவை நரேன் கார்த்திகேயனும் அறிமுகமானார். ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர். அப்போ அவருக்கு வயசு 28. ரெண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் இந்த 10 வயசு வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே தலைப்பில் இருக்கும் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

கோவையில் என்ன இருந்தது?

பெருந்துறையில் இருந்து கிளம்பி, விஜயமங்கலம் டோல்கேட், அவிநாசி தாண்டி கோவைக்குள் நுழைந்தால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2003-ல் திறந்த சுமார் 2.1 கிலோமீட்டர் டிராக். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன கரிவர்தனின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். மாருதி என்ஜினை வைத்து இங்கேயே 'ஃபார்முலா மாருதி' ரேஸ் கார்களை உருவாக்கியவர் அவர். நரேனின் உறவினரும்கூட. நரேனின் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன், தேசிய ராலி சாம்பியன்.

அதாவது வீட்டிலேயே ரேஸ், ஊரிலேயே கார், பக்கத்திலேயே பட்டறை. ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் ஃபார்முலா மாருதி ஓட்டித்தான் நரேன் தொடங்கினார்.

திறமை போதவில்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. 1994-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு வின்டர் சீரிஸ், 1996-ல் ஃபார்முலா ஏசியா என்று ரெண்டு பட்டங்கள். பிரிட்டிஷ் ஃபார்முலா 3-ல் ரேஸ் வெற்றிகள், 2000-ல் ஒட்டுமொத்தமாக 4-வது இடம். 2001-ல் ஜாகுவார் அணி சில்வர்ஸ்டோனில் டெஸ்ட் வாய்ப்பு கொடுத்தது. ஃபார்முலா 1 காரில் இந்தியர் ஒருவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் என்னாச்சு? 2004 சீசனுக்கு இத்தாலியின் மினார்டி அணி சீட் தரத் தயாராக இருந்தது. ஆனால் சின்ன அணிகளில் சீட் வேணும்னா டிரைவர் ஸ்பான்சர் பணத்தோடு வரணும். தேவைப்பட்ட தொகை சேரவில்லை, சீட் போச்சு. அடுத்த வருஷம் டாடா ஆதரவோடு ஜோர்டான் அணியில் இடம் கிடைத்தபோது அவர் இருபதுகளின் கடைசியில் இருந்தார்.

அந்த 5 புள்ளிகள்

2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். மிஷலின் டயர் பாதுகாப்பாக இல்லை என்று 14 கார்கள் ரேஸ் தொடங்கும் முன்பே விலகிவிட, ஓடியது வெறும் 6 கார். நரேன் 4-வது. அதில் கிடைத்த 5 புள்ளிகள்தான் ஃபார்முலா 1-ல் அவர் எடுத்த மொத்தப் புள்ளி. '6 பேரில் 4-வதா' என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் அவரை எடைபோட மெல்போர்ன்தான் சரியான ரேஸ். மழை குழப்பிய தகுதிச்சுற்றில், அந்த மெதுவான ஜோர்டான் காரை முதல் ரேஸிலேயே 12-வது இடத்தில் நிறுத்தினார்.

பிறகு வில்லியம்ஸ் அணியில் டெஸ்ட் டிரைவர். 2011, 2012-ல் எச்.ஆர்.டி. அணி. அது வரிசையின் கடைசியில் ஓடிய கார், அதை வைத்து யாரும் எதையும் நிரூபித்திருக்க முடியாது. 2012-க்குப் பிறகு அந்த அணியே மூடப்பட்டது. நரேன் ஜப்பான் போய் சூப்பர் ஃபார்முலா ஓட்டினார்.

ஆண்டனெல்லிக்கு மட்டும் எப்படி 18-ல்?

அவர் அப்பாவும் ரேஸர்தான், சொந்த அணி வைத்திருப்பவர். அதுவரை நரேன் கதையேதான். வித்தியாசம் அதற்கு மேலே. 12 வயசிலேயே மெர்சிடிஸ் தன் ஜூனியர் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. 2022-ல் இத்தாலிய ஃபார்முலா 4 சாம்பியன், 2023-ல் ஐரோப்பிய ஃபார்முலா ரீஜனல் சாம்பியன், 2024-ல் ஃபார்முலா 2. மூன்றுமே இத்தாலியின் பிரேமா அணியில். ஓட்டுவது மட்டும்தான் பையனின் வேலை, ஸ்பான்சர் தேடி அலைய வேண்டியதில்லை.

இன்றைக்கு ஒரு கொங்குப் பையன் ஆசைப்பட்டால்?

2005-ஐ விடக் கஷ்டம். இப்போது ஃபார்முலா 1-க்கு 'சூப்பர் லைசென்ஸ்' வேணும். அதற்கு 3 சீசன்களில் 40 புள்ளிகள். நரேன் நுழைந்தபோது இந்தப் புள்ளிக் கணக்கே கிடையாது. இந்திய ஃபார்முலா 4 பட்டம் வென்றால் 12 புள்ளிகள் வரும். மீதி 28-க்கு? இந்தியாவில் அதற்கு மேல் படிக்கட்டு இல்லை, வெளிநாடுதான். ஃபார்முலா 3, ஃபார்முலா 2 ஒவ்வொரு சீசனுக்கும் பல கோடி ரூபாய் ஆகும். தொழில் நகரங்கள் நிறைந்த கொங்கில்கூட ஒரு குடும்பம் தனியாகச் சுமக்கிற தொகை அல்ல.

நரேனுக்குப் பிறகு வந்த ஒரே இந்தியர், சென்னையின் கருண் சந்தோக். மொத்தம் 11 ரேஸ். இப்போதைய தலைமுறையில் பெங்களூருவின் குஷ் மைனி 2025-ல் மொனாக்கோவில் ஃபார்முலா 2 ஸ்பிரிண்ட் ரேஸை வென்றார். அந்தத் தொடரில் ஆண்டு முழுக்கச் சேர்த்து முதல் 3 இடத்துக்குள் வந்தால்தான் 40 புள்ளிகள் முழுசாகக் கிடைக்கும்.

இதற்கு நடுவே செட்டிபாளையத்தில் வேறொரு கூட்டம் சேர்கிறது. 'ஃபார்முலா பாரத்' போட்டிக்காகப் பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்த ரேஸ் கார்களைக் கரி டிராக்குக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தப் போட்டியில் லைசென்ஸ் புள்ளி எதுவும் கிடையாது. ஆனால் ஃபார்முலா 1 அணியில் கார் ஓட்டுபவர்கள் ரெண்டே பேர், அதை உருவாக்கும் இன்ஜினியர்கள் நூற்றுக்கணக்கில். பெருந்துறை பக்கம் மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கோ பொண்ணுக்கோ அந்த வாசல் கொஞ்சம் அகலமானது.