இரண்டாவது திரை

 

ஹோலிலுள்ள தொலைக்காட்சியோடு கணனியை இணைத்து பயான் கேட்கும் வழக்கம் எமது தில்லையடி வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பல தேசங்களில் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் செய்திகளும் அதே கணனிக்குத்தான் வருகின்றன. பெண் பார்க்க வந்தவர்கள் ஹோலில் அமர்ந்திருக்கையில், வெளிநாட்டு மாமா அதே விடயமாக அனுப்பிய வட்ஸ்அப் செய்தி சுவரளவு திரையில் விழுந்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள்! பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டே நுழைய வேண்டும் என்று சூரா அந்நூர் எமக்கு ஒழுக்கம் கற்பிக்கிறது. நாமோ வீட்டின் அந்தரங்கத்தை நாமே வெளியே எடுத்து வைக்கிறோம்.

இதற்கொரு பரிகாரம் உண்டு. தொட்டு இயக்கும் சிறிய திரையொன்றை அதே கணனிக்கு இரண்டாவது திரையாகப் பூட்டிக்கொள்ளுங்கள். தெரிவு செய்வதெல்லாம் சிறியதில்; பெரியதில் தெரிந்தெடுத்தது மட்டும். தமிழில் மறைப்பதும் திரைதான், காட்டுவதும் திரைதான். இங்கே ஒன்று மற்றதற்கு மறைப்பாகிறது.

இதில் மூன்று இடங்களில் பலர் தடுமாறுகிறார்கள். எச்.டி.எம்.ஐ. வயர் படத்தையும் ஒலியையும்தான் கொண்டுவரும். தொடுகை கணனிக்குப் போய்ச் சேர வேறாக ஒரு யூ.எஸ்.பி. வயர் வேண்டும். அடுத்து, விண்டோஸில் இரு திரையிலும் ஒரே படம் காட்டும் முறையை விட்டு, திரையை நீட்டிக்கும் முறையைத் தெரிவு செய்ய வேண்டும். சிறியதைத் தொட்டால் பெரியதில் அம்புக்குறி ஓடுகிறதா? பழைய கண்ட்ரோல் பெனலில் டெப்லட் பி.சி. அமைப்புக்குள் போய், தொடுதிரை எதுவென்று கணனிக்குக் காட்டிக் கொடுங்கள். மூன்றாவதுதான் முக்கியமானது. சிறிய திரையையே பிரதான திரையாக்குங்கள். செய்தி அறிவித்தல்கள் பிரதான திரையில்தான் தோன்றும். ஒலியை மட்டும் தொலைக்காட்சிக்கே திருப்பிவிடுங்கள்.

யூடியூப் விளம்பரத்தை இந்த ஏற்பாடு தடுக்காது. நான் சொல்வது, படத்தைச் சிறியதில் தொடக்கி, ஆரம்ப விளம்பரம் போன பின் பெரியதற்கு அனுப்புங்கள் என்பதே. விரலால் இழுத்தால் அந்தச் சாளரம் மறு திரைக்குத் தாண்டாது. விண்டோஸ் பொத்தான், ஷிப்ட், அம்புக்குறிப் பொத்தான் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தாண்டும். ஆகவே விசைப்பலகையைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். இடையில் வரும் விளம்பரத்துக்கு ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோடி என்ற இலவச மென்பொருளில், சேமித்து வைத்த பயான்களைப் போட்டால் அந்தத் தொல்லையே இராது. அதன் அமைப்பில் மற்றத் திரைகளை இருட்டாக்கும் தெரிவொன்று இருக்கிறது, அது அணைந்திருக்கட்டும்.

புதுத் திரை வாங்க வசதியில்லாதவர்கள் வீணாகக் கடன்பட வேண்டாம். பழைய டெப்லட் ஒன்றிலும் கணனியிலும் ஸ்பேஸ்டெஸ்க் மென்பொருளைப் போட்டால், வீட்டு வைஃபையிலேயே அது இரண்டாவது திரையாகிவிடும். கோடிக்கு மட்டுமென்றால் கைபேசியில் கோரே செயலி போதும்.

ரமழானில் மக்கா ஹரமின் தராவீஹை நேரடியாகப் பார்ப்போருக்கு ஒரு சொல். எமது நேரம் அங்கிருந்து இரண்டரை மணித்தியாலம் முந்தியது. அங்கே இரவு ஒன்பது மணியென்றால் இங்கே பதினொன்றரை. பிள்ளைகள் உறங்கும் நேரத்தில் சிறிய திரையின் வெளிச்சத்தையும் குறைத்து வையுங்கள்.