கையறிந்த கணக்கு

தேயிலைத் தோட்டத்திலே ஒருவரின் ஒரு நாள் உழைப்புக்குத் தீர்ப்புக் கூறுவது தராசு. குறித்த நிறைக்குக் கொழுந்து வந்தால் ஒரு பேர், வராவிட்டால் அரைப்பேர். ஹற்றன், நுவரெலியா முதலிய மலையகப் பகுதிகளிலே நெடுங்காலமாக இருந்து வரும் வழக்கம் இது. 16 கிலோ, 18 கிலோ எனத் தோட்டத்துக்குத் தோட்டம் அளவு மாறுமேயன்றி, ஒரு மலையில் நிற்போர் அனைவருக்கும் அளவு ஒன்றே. இவ்வொற்றை எண் நீதியானதுதானா என்று கேட்க விரும்புகிறோம்.

பார்வைக்கு இது சமத்துவம் போலத் தோன்றும். ஆயின் எல்லா மலையும் ஒரு தன்மையன அல்ல. எல்லாக் கையும் அப்படியே. மேற்குச் சரிவுகளில் சித்திரை, வைகாசி மழையோடு கொழுந்து பொங்கி வரும்; தை, மாசியின் வறண்ட காற்றிலும் உறைபனியிலும் செடி அடங்கிவிடும். கவ்வாத்துக்குப் பின் நன்கு தழைத்த மலையில் வாய்க்கும் நிறை, அடுத்த கவ்வாத்துக்குக் காத்திருக்கும் மலையில் வாய்ப்பதில்லை. ஒருத்தி காலை நிறுவைக்குள் கூடையை நிரப்பிப் பிற்பகலில் தளர்வாள். இன்னொருத்தி மெதுவாகவே எடுப்பாள். ஆனால் அவள் கூடையில் முற்றல் இராது. மூன்றாமவள் பிள்ளைக்காம்பராவில் விட்ட கைக்குழந்தைக்குப் பாலூட்டிவிட்டு வர வேண்டும். நல்ல கங்காணி இவற்றையெல்லாம் அறிந்தே நிரை பிரித்துக் கொடுப்பார். தராசு அறியாததை அவர் கண் அறியும்.

லயங்களிலிருந்து புறப்பட்டுக் கணினி கற்ற இளைஞர் சேரும் மென்பொருள் துறையும் இதே சிக்கலைக் கண்டதுதான். ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருந்திட்டமொன்றை நடத்திய பிரெடெரிக் புரூக்ஸ், பிந்திப்போன மென்பொருள் வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று 1975இல் வெளியிட்ட நூலில் எழுதினார். ஜோயல் ஸ்போல்ஸ்கி என்பார் 2007இல் ஒரு வழி கூறினார். ஒவ்வொருவரும் தம் வேலையைச் சில மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, இத்தனை மணி ஆகும் என முன்கூட்டி எழுத வேண்டும். முடித்தபின், உண்மையில் ஆன நேரத்தையும் எழுத வேண்டும். 4 மணி என்று சொல்லி எப்பொழுதும் 8 மணி எடுப்பவரால் இடரில்லை. இரட்டித்துக் கணக்கிட்டால் நாள் தவறாது. ஒருமுறை 2 மணி, மறுமுறை 12 மணி என்று போகிறவருக்கே அவகாசம் விட்டுத் திட்டமிட வேண்டும். அவரவர் வேகத்தை அறிந்து நாள் குறிப்பதே இம்முறையின் உயிர்.

தோட்டங்களுக்கு இத்தகைய குறிப்பேடு புதிதன்று. ஒவ்வொரு நிறுவையிலும் பெயருக்கு நேரே நிறை எழுதப்படுகிறது. எனினும், சம்பளத்தைக் கணக்கிடவும் வெட்டவுமே அது பெரிதும் பயன்படுகிறது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா எனச் சட்டப்படி உறுதியானபின், கிலோ அளவு கூட்டப்பட்டதென்றும் வேலைநாள் குறைக்கப்பட்டதென்றும் தோட்டங்களிலிருந்து முறைப்பாடுகள் எழுந்தன. அதே ஏட்டைக் கொண்டு, எந்த மலைக்கு யார் யாரை அனுப்பினால் கொழுந்துச் சுற்றுப் பிந்தாது என்று பார்க்கலாமே! சுற்றுப் பிந்தினால் கொழுந்து முற்றும். முற்றினால் தேயிலையின் தரம் விழும். அந்த நட்டத்தில் தோட்டத்துக்கும் பங்குண்டு, தொழிலாளிக்கும் பங்குண்டு.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அறிவதற்கென்று எழுதிய ஏடு அடிக்கும் கோலாக மாறினால், அன்றே அது பொய் பேசத் தொடங்கும். மென்பொருள் எழுதுவோர் 4 மணி வேலைக்கு 10 மணி என்று எழுதுவர். கொழுந்தெடுப்போர் நிறைக்காக முற்றலையும் சேர்ப்பர். ஆதலின் நாம் வேண்டுவன இரண்டு. நிறையளவு, மலைக்கும் பருவத்துக்கும் ஏற்ப, தொழிலாளரும் உடனிருந்து வகுக்கப்பட வேண்டும். தனித்தனி ஆளின் குறிப்பு, வேலையைப் பங்கிடப் பயன்படலாமே தவிர, பேரைக் குறைக்கப் பயன்படலாகாது.

திருக்குறள் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறது. அதைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் மலையகத்திற் பலர்; அவர்களுட் பலரின் தாய்மார் கொழுந்துக் கூடை சுமந்தவர்கள். தெரிந்துகொள்ளப்பட வேண்டிய கைகளுள் அக்கைகளும் அடங்கும் என்பதை அவர்களே உரத்துக் கூற வேண்டும்.