அடுப்பும் சாளரமும்

தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே இப்போது ஒரு வாதம் எழுந்துள்ளது. கேஸ் அடுப்பே போதும் என்பர் சிலர். அது உடலுக்குத் தீங்கு, இண்டக்ஷன் அடுப்புக்கு மாறுவதே அறிவுடைமை என்பர் வேறு சிலர். இரு சாராரும் கூறுவதில் உண்மை உண்டு.

விறகையும் கரியையும் ஊதி ஊதிக் கண் சிவந்த நம் அன்னையரை மீட்டது கேஸ் அடுப்பேயாகும். 1965-இல் கல்கத்தாவில் இண்டேனின் முதல் இணைப்பு வழங்கப்பெற்றது. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழை இல்லங்களுக்கும் சிலிண்டர் சென்றது. ஆயினும், புகை இல்லை என்பதனால் மாசு இல்லை என்று கொள்ளலாகாது. சுடரின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி நைட்ரஜன் டை ஆக்ஸைடு உண்டாகின்றது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு அது இழுப்பை மிகுவிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதற்கான ஆண்டு வரம்பைக் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தது.

இண்டக்ஷன் அடுப்பில் இக்குறை இல்லை. ஆனால் ஈயச்சொம்பும் கல்சட்டியும் சாதாரண அலுமினியப் பாத்திரமும் அதில் சூடேறா. மின்சாரம் நின்றால் உலையும் நின்றுவிடும். தாளிக்கையில் எழும் எண்ணெய்ப் புகையோ எந்த அடுப்பிலும் உண்டு.

ஆதலின், காற்றுக்கு வழி உண்டா என்பதே முதற்கண் கேட்கத்தக்க கேள்வி. நம்மவருள் பலருக்குச் சமையலும் உறக்கமும் ஒரே அறையில்தான். மார்கழி, தை மாதங்களில் குளிருக்கு அஞ்சிச் சாளரத்தை அடைத்துவிடுகிறோம். சமையல் முடிந்த பின்னும் அறை சூடேறட்டும் என்று அடுப்பை எரியவிடுவோரும் உளர். இது பெரும் ஆபத்து. அடைத்த அறையில் கார்பன் மோனாக்ஸைடு சேருமாயின், அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் விழித்தெழாமலே போகக்கூடும்.

நம்மைப் போன்ற ரயில்வே ஊழியர் விடியற்காலைப் பணிக்குச் செல்லும் நாட்களில், நான்கு மணிக்கே எழுந்து அடுப்பின் முன் நிற்பவர் இல்லத்தரசியார். அந்தக் காற்றை மிகுதியாகச் சுவாசிப்பவரும் அவரே. ஆகவே வாதத்தை ஆடவர் மட்டும் நடத்தி முடித்துவிடலாகாது. அவரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

அதுவரை செய்யத்தக்கவை சில: சமைக்கும்போது சாளரத்தைத் திறந்து வையுங்கள். இயலுமாயின் புகைபோக்கி விசிறி ஒன்று பொருத்துங்கள். சுடர் நீலமாக இராமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரைத் துப்புரவு செய்யுங்கள். கேஸ் கசிவு மணம் வந்தால் மின்விசையைத் தொடாது, ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்கு அறிவியுங்கள். குளிர்காலம் வருமுன்னரே இவற்றைச் செய்து முடிப்பது நலம்.